முல்லைத்திணையும் 221(ஜி)யும்: ஒரு பொருளிலக்கண ஆய்வு

அமெரிக்க விசா நேர்காணலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஆம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் ஒரு வண்ணச் சீட்டை நீட்டி அனுப்பிவிட்டால், அதற்குப் பின் நிகழும் காத்திருப்பு எந்தத் திணையின்பாற்படும்? தமிழாய்வுலகம் இந்த வினாவைத் தொடவில்லை. தொட வேண்டிய அவசியமே இல்லை என்பாரும் உளர். அவர்கள் வீட்டில் யாருக்கும் இன்னும் சீட்டு வரவில்லை.

முதலில் சட்டம். 1952-இல் இயற்றிய அமெரிக்கக் குடிவரவு, குடியுரிமைச் சட்டத்தில் 221-ஆம் பிரிவின் ‘ஜி’ உட்பிரிவு, விண்ணப்பித்தவர் தகுதியுள்ளவர் என்று அதிகாரிக்கு உறுதிப்படாதவரை விசா தரக் கூடாது என்கிறது. ஒரு காகிதம் குறைந்தாலும் இந்தப் பிரிவுதான்; வாஷிங்டனைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றாலும் இந்தப் பிரிவுதான். முன்னதில் கேட்ட காகிதத்தைக் கொடுக்க ஓராண்டு அவகாசம் உண்டு. தவறினால் மறுபடி கட்டணம் கட்டி முதலிலிருந்து வர வேண்டும். பின்னதில் நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை, சும்மா இருப்பதைத் தவிர. ‘நிர்வாகப் பரிசீலனை’ என்பது அதன் அலுவல் பெயர். இக்கட்டுரை ஆராய்வது அந்தச் சும்மா இருத்தலை. முல்லையின் உரிப்பொருள் இருத்தல் என்பதை இங்கேயே குறித்துவைத்துக்கொள்ளவும்.

2017-இல் டிஎஸ்-5535 என்னும் துணைப் படிவமும் வந்து சேர்ந்தது. எல்லோருக்கும் தருவதில்லை. பெற்றவர் 15 ஆண்டுகளில் குடியிருந்த வீடுகள், பார்த்த வேலைகள், போன பயணங்கள், அவற்றுக்குப் பணம் வந்த வழி, உடன்பிறந்தோரின் பிறந்த நாள், 5 ஆண்டுகளில் வைத்திருந்த சமூக ஊடகக் கணக்குகள் என்று சகலமும் எழுத வேண்டும். வேளச்சேரியில் எட்டே மாதம் இருந்த வாடகை வீட்டின் கதவு எண்ணுக்காகப் பழைய கேஸ் ரசீதைத் தேடிப் பரணில் ஏறுவது இப்படிவத்தின் ஓர் அங்கம். கிடைத்தபின், அது புது எண்ணா பழைய எண்ணா என்ற சர்ச்சை சென்னைக்கே உரிய பாடபேதம்.

இனிச் சொல். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கல வழக்கு. அவ்வாறே, சட்டப்படி மறுப்பாகிய ஒன்றை ‘பரிசீலனை’ என்று சொல்வதும் மங்கலமே. ஆனால் சில ஆண்டுகளாக இணையத்தில் நிலை பார்க்கப் போனால் ‘மறுக்கப்பட்டது’ என்றே காட்டுகிறது. உள்ளே போய்ப் படித்தால்தான் பரிசீலனை நடப்பது தெரியும். உயிரோடு இருப்பவரைச் செத்தார் என்று சொல்லிவிட்டு, அடிக்குறிப்பில் மூச்சு வருகிறது என்பது போன்ற இவ்வழக்குக்கு நன்னூலில் இடமில்லை. அதன் தகுதி வழக்கு மூன்றோடு ‘அமங்கலம்’ என நாலாவதாக ஒன்றைச் சேர்க்கலாம். ஸ்டாம்பிங், ஸ்லிப், ஏபி, டிராப்பாக்ஸ் முதலியன குழூஉக்குறி.

அகத்திணையில் தலைவன் பெயரைச் சுட்டக் கூடாது என்பது மரபு. ஆகவே இங்கும் பெயர்கள் இல்லை. இம்மரபை நம்மைவிடக் கறாராகக் காப்பவர்கள் அமெரிக்கர்கள். கடவுச்சீட்டில் ஒரே பெயராய் எழுதி மறு கட்டத்தை வெறுமையாய் விட்ட தமிழனுக்கு அவர்கள் ‘எஃப்என்யு’ என்று பெயர் சூட்டுகிறார்கள்: முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். இதைவிடத் தூய அகத் தலைவன் சங்கத்திலும் இல்லை.

சென்னையில் இத்திணைக்குரிய நிலம், அமெரிக்கத் துணைத் தூதரகத்தை ஒட்டிய ஜெமினி மேம்பாலமும் மேம்பாலம் சார்ந்த இடமும். முல்லைக்குக் காடு வேண்டுமே எனின், பக்கத்தில் செம்மொழிப் பூங்கா உண்டு என்க. 2010-இல் அது பூங்கா ஆகுமுன் அங்கே இருந்தது உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். பெயரிலேயே காடு இருக்கிறது. ஏறு தழுவல் எங்கே எனின், பாலத்தருகே திமிறும் குதிரையை ஒருவன் இழுத்துப் பிடிக்கும் சிலை உண்டு. குதிரைப் பந்தயத்தை ஒழித்ததன் நினைவாக வைத்தது என்றாலும், காலை ஏழு மணிக்குக் கோப்போடு வரிசையில் நிற்பவனுக்கு அது வேறு பொருள் தரும்.

முல்லைக்குச் சிறுபொழுது மாலை. வாஷிங்டனில் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கும்போது, கோடையில், நமக்கு மாலை ஆறரை. அப்போது தொடங்கும் ஏக்கம் அவர்கள் ஐந்து மணிக்குக் கிளம்பும்வரை, அதாவது நம் பின்னிரவு இரண்டரைவரை நீளும். பெரும்பொழுது கார், ஆவணியும் புரட்டாசியும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஆகஸ்ட் கடைசியில் வகுப்பைத் தொடங்குகின்றன; ஆவணிதான். தெய்வம் மாயோன்: ஐதராபாத் அருகே சில்கூரில் ‘விசா பாலாஜி’யாக எழுந்தருளியிருக்கிறார். வேண்டிக்கொள்ள 11 சுற்று, பலித்தால் 108. இத்தனை பொருத்தமும் தற்செயல் என்று கருதுவோருடன் எனக்கு வழக்கில்லை. பூ மட்டும் இடிக்கிறது. சீட்டு வெள்ளை, மஞ்சள், நீலம், பச்சை, இளஞ்சிவப்பு என ஊருக்கு ஊர் மாறுவதாலும், எந்த நிறம் எந்த விதி என்பதில் உரைகாரர் ஒத்துப்போகாததாலும், அதை மயங்கு பூ என்று விட்டுவிடுகிறேன்.

இனி ஆய்வின் மையம். முல்லைப் பாட்டுகளில் அடிக்கடி வரும் ஒரு காட்சி உண்டு. கார் தொடங்குமுன் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போன தலைவன் வந்திருக்க மாட்டான். மழை வந்துவிடும், கொன்றையும் பூத்துவிடும். தோழி அசர மாட்டாள். இது கார் இல்லையடி, பருவம் தப்பிய மழை, விவரமில்லாத மரம் ஏமாந்து பூத்துவிட்டது என்பாள். விசாத் திணையில் அந்த மழை எது என்றால், நிலை காட்டும் பக்கத்தில் ‘கடைசியாகப் புதுப்பித்த தேதி’ மாறுவது. நிலை மாறாது, தேதி மட்டும் மாறும். விண்ணப்ப எண், கடவுச்சீட்டு எண், குடும்பப் பெயரின் முதல் ஐந்து எழுத்து ஆகியவற்றை இட்டு, கோணல்மாணலான எழுத்துகளைப் படித்துத் தான் எந்திரம் அல்ல என்றும் மெய்ப்பித்து உள்ளே போனால், நேற்று பன்னிரண்டாம் தேதி இன்று பதினான்காகி இருக்கும். வீடு விழித்துக்கொள்ளும். கோப்பை யாரோ எடுத்துவிட்டார்கள் என்பது முதல் உரை. வாஷிங்டனிலிருந்து பதில் வந்துவிட்டது என்பது இரண்டாம் உரை. எடுத்துப் பார்த்து, மூடி, பழைய இடத்திலேயே வைத்துவிட்டார்கள் என்பது மூன்றாம் உரை. இவர்கள் தோழி மரபினர், பெரும்பாலும் வீட்டில் இருக்கும் தங்கை. தலைவன் ஒரு நாளில் அந்தப் பக்கத்தை எத்தனை முறை திறக்கிறான் என்று எண்ண ஒரு வீட்டில் முயன்றேன். குளியலறையில் நடப்பவை கணக்கில் வராததால் கைவிட்டேன்.

1985-இல் டேவிட் மைஸ்டர் என்பார் வரிசைகளின் உளவியல் பற்றி எழுதிய கட்டுரையில், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு தெரிந்ததைவிட நீளமாகத் தோன்றும், காரணம் சொல்லாதது சொன்னதைவிட நீளும் என்றார். தோழிக்கு இது முன்பே தெரியும். அதனால்தான் அவள் காலத்தை நீட்டியோ குறுக்கியோ சொல்வதில்லை. மரத்தின் மேல் பழியைப் போட்டு ஒரு காரணத்தைக் கொடுத்துவிடுகிறாள்.

முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் மலரும் தூவி ஊர்ப்புறத்தில் நின்று விரிச்சி கேட்பார்கள். யாரோ யாரிடமோ சொல்லும் நற்சொல்லைத் தம் காரியத்துக்கு நிமித்தமாகக் கொள்வார்கள். கன்றுக்கு ஆய்மகள் சொன்ன ஆறுதல் அரசிக்கு ஆறுதலானது. இன்றைய விரிச்சி வாட்ஸாப் குழுவில் வருகிறது: “ஐதராபாத், எஃப்1, மெக்கானிக்கல், 43 நாளில் வந்துவிட்டது.” தலைவன் படிப்பதோ மைக்ரோபயாலஜி. இருந்தாலும் நற்றாய் நாட்காட்டியில் 43-ஆம் நாளுக்கு வட்டம் போடுகிறாள். கண்டோர் கூற்று கல்யாண வீடுகளில் நிகழும். “என்னப்பா, இன்னும் இங்கதான் இருக்கியா?” என்பதே அதன் முழு வடிவம்.

எச்1பி தலைவன் நிலை வேறு. மூன்று வார விடுப்பில் தங்கை கல்யாணத்துக்கு வந்தவன், ஸ்டாம்பிங் போய்ச் சீட்டோடு திரும்புகிறான். தலைவி டாலஸில், வீட்டு வாடகையும் கார் தவணையும் டாலஸில், அவன் தாம்பரத்தில், பள்ளிக்கூடக் காலத்துக் கட்டிலில். பிறந்த வீடே பாசறையாகி அவன் பாடுவது பாசறை முல்லை என்பது என் துணிபு. பாசறையில் மூன்று வேளையும் சுடச்சுடச் சோறு கிடைக்கிறது என்பது தலைவியின் மறுப்பு.

கால எல்லையில்தான் நம் இலக்கணம் அவர்கள் சட்டத்தைவிடத் தெளிவு. கல்விக்காகப் பிரிந்தால் மூன்றாண்டு தாண்டாது, வேந்தன் வேலை என்றால் ஓராண்டுக்குள் என்று தொல்காப்பியக் கற்பியல் வரையறுத்துவிட்டது. அமெரிக்க வெளியுறவுத் துறையோ, ஆளுக்கு ஆள் மாறும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. பொறுமையும் பணமும் உள்ளவர்கள் அங்குள்ள நீதிமன்றத்தில் செயலுறுத்தும் பேராணை கேட்கிறார்கள். அரசுத் தாமதம் நியாயமற்றதா என்று பார்க்க ஆறு அளவுகோல்களை 1984-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தொலைத்தொடர்பு வழக்கில் வகுத்தது. விசாவையும் அவற்றாலேயே அளக்கிறார்கள். இவரை முன்னே விட்டால் வரிசையில் நிற்கும் மற்றவர் பின்னே போவாரே என்று நீதிபதிகள் தயங்குவதும் உண்டு. ரேஷன் கடையில் நாம் கேட்டுப் பழகிய தர்க்கம்தான்.

ஆற்றுவித்தல் தோழியின் கடன் ஆதலால் ஆய்வாளனும் கொஞ்சம் ஆற்றுவிக்க வேண்டும். விசா கைக்கு வருமுன் விமானச் சீட்டு எடுக்கலாகாது. எடுத்தவன் தேதி மாற்றத்துக்குக் கட்டும் பணம் கைக்கிளை, ஒருதலையாகவே போகும். பல்கலைக்கழகத்துக்கு உடனே எழுதி, தாமதமாக வரலாமா, இல்லை ஜனவரிப் பருவத்துக்குச் சேர்க்கையைத் தள்ளிவைப்பார்களா என்று கேட்டு வைப்பது நலம். வேலையில் இருப்பவன் சீட்டு வாங்கிய அன்றே முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும். மாமா மூலம் தெரிய விடக் கூடாது. உள்ளே ஆள் இருக்கிறது, முடித்துத் தருகிறேன் என்பவனுக்கு ஒரு ரூபாயும் தரலாகாது. நிலை பார்ப்பதை நாளுக்கு ஒரு முறை என்று சுருக்கலாம். எவரும் சுருக்கியதாகத் தெரியவில்லை.

ஒருநாள் ‘மறுக்கப்பட்டது’ என்ற சொல் போய் ‘வழங்கப்பட்டது’ என்று வருகிறது. இடையில் என்ன நடந்தது என்று யாரும் சொல்வதில்லை. நான் பார்த்த வீட்டில் அது மாலையில் வந்தது. தலைவன் கத்தினான், தங்கை கத்தினாள். நற்றாய் பூஜை அறைக்குப் போய் விளக்கேற்றினாள். சில்கூரில் இன்னும் 108 சுற்று பாக்கி, மூட்டுவலியோடு எப்படிச் சுற்றுவது என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு பெட்டிக்கு 23 கிலோதானே என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போனாள். பருப்புப்பொடி டப்பாவை எடுத்தவள் வெகுநேரம் அதன் மூடியையே துடைத்துக்கொண்டிருந்தாள். திணை அந்த இடத்தில் பாலைக்கு மாறியதாகக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.