முகப்பும் மஜ்லிஸும்

துபாய்க்கு விசா வந்த அன்றே மகனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலும் வந்தது. எதையும் வலக்கையால் கொடு, வலக்கையால் வாங்கு. பெண்கள் தாமாகக் கை நீட்டினாலொழியக் கை குலுக்காதே. உட்காரும்போது உள்ளங்கால் எதிரே இருப்பவருக்குத் தெரியக் கூடாது. வாசலில் செருப்பைக் கழற்று. கேட்காமல் யாரையும் படம் எடுக்காதே. ரமலான் மாதப் பகலில் நாலு பேர் பார்க்கத் தண்ணீர்கூடக் குடிக்காதே. கடைசியில், "அப்பச்சி, ஆத்தாவுக்கும் வாசிச்சுக் காட்டுங்க. இதெல்லாம் இங்கே ரொம்ப முக்கியம்."

வாசித்துக் காட்டினேன். "கல்யாணம் ஆன மறுநாள் உங்க அப்பத்தா எனக்குச் சொன்னதுதானே இது?" என்று கேட்டுவிட்டு அவள் சின்ன வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

உண்மையில் அப்பத்தாவின் சட்டம் இதைவிடக் கறார். பீச்சாங்கையால் காசை நீட்டினால் கையிலேயே ஒன்று போடும். பெரியவுக இருக்கிற பக்கம் கால் நீட்டியவனுக்கு அன்றைக்குப் பலகாரம் கிடையாது. ஐயாவின் பெயரை அப்பத்தா வாயால் நான் கேட்டதே இல்லை. காரைக்குடியில் எங்கள் வீட்டைக் கட்டியதே அந்தச் சட்டத்துக்காகத்தான் என்று தோன்றும். வெளி ஆண்களுக்கு முகப்போடு சரி. அங்கே ஜமுக்காளம், திண்டு, வெள்ளிச் செம்பில் தண்ணீர். வளவைத் தாண்டி இரண்டாங்கட்டு பெண்களின் ராஜ்யம்.

இளையான்குடியிலிருந்து ஐயாவைப் பார்க்க வரும் ராவுத்தர் ஒருவருக்கு அந்த முகப்பில் தனியாகவே ஒரு பாய் உண்டு. அஸர் தொழுகை நேரமானால் ஐயாவே பாயை மேற்குப் பார்த்து விரித்துக் கொடுத்துவிட்டு, "சத்தம் போடாம கொல்லைப் பக்கம் போங்கடா" என்று எங்களை விரட்டுவார். மத நல்லிணக்கம் என்ற சொல்லை ஐயா ஒரு தடவையாவது உச்சரித்ததாக எனக்கு நினைவில்லை.

எங்கள் செட்டியார் கூட்டத்தில் இப்படிப்பட்டவர்கள்தான் பர்மாவுக்கும் போனார்கள். ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கிகளில் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு எழுதினார்கள். வெள்ளைக்காரன் பூட்ஸ் காலோடு பகோடாவில் ஏறியது அந்த நாட்டில் பெரிய அரசியல் சண்டையானது. செட்டியாருக்கு அந்த வம்பே இல்லை. காலில் செருப்பு இருந்தால்தானே! ஆனால் 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் கட்ட முடியாத உழவர்களின் நிலம் கைமாறிக் கைமாறி, கீழ்ப் பர்மாவின் நெல் வயலில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்களிடம் வந்து சேர்ந்தது. செருப்பில்லாமல் உள்ளே போனவர் வயலோடு வெளியே வந்தால், நாம் காட்டிய மரியாதையை அந்த ஊர்க்காரன் எந்தக் கணக்கில் வரவு வைப்பான்? 1942இல் ஜப்பானியக் குண்டுக்குப் பயந்து ஓடி வந்ததும், சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமை ஆக்கியதும் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சொல்லும் கதை. முதலாளியாகப் போன ஊரில் அடக்க ஒடுக்கம் நம் பெருந்தன்மை. சம்பளத்துக்குப் போன ஊரில் அது வேலை நிபந்தனை. அரபு நாடு எங்களுக்கு இரண்டாவது வகை.

எண்பதுகளின் தொடக்கத்தில், பம்பாய் ஏஜெண்டுக்குப் பணம் கட்டி, துபாயின் தேராவில் ஒரு சரக்குக் கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போனேன். அப்போது பட்டியல் அனுப்ப யாரும் இல்லை. கிளம்புவதற்கு முன் ராவுத்தரிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் சொன்னதுதான்: "தம்பி, தொழுறவனுக்கு முன்னால குறுக்கே நடக்காதே. குர்ஆன் மேல கணக்கு நோட்டை வச்சிராதே. நோன்பு மாசம் அவுக பார்க்கத் தின்னாதே. அவன் வீட்டுப் பொம்பளைகளைப் பத்தி விசாரிக்காதே. மிச்சத்தை உங்க அப்பத்தா சொல்லியிருப்பாக."

போய் இறங்கியதும் பாஸ்போர்ட், என் விசாவுக்குப் பொறுப்பேற்ற கஃபீலின் பீரோவுக்குள் போயிற்று. ஆனால் முதல் பெருநாளன்று அவர் வீட்டில் விருந்தினரை உட்காரவைக்கும் மஜ்லிஸில் செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்டில் சாய்ந்தபோது, எங்கள் பக்கத்துக் கானாடுகாத்தானில் ஏதோ ஒரு முகப்பில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. பெண்களின் பேச்சுச் சத்தம்கூட அதே போல உள்கட்டிலிருந்துதான் வந்தது. பிறகு கஹ்வா. ஏலக்காய் மணக்கும் அந்தக் காப்பியைத் தல்லா என்கிற கூஜாவில் வைத்துக்கொண்டு, கூஜாவை இடக்கையில் பிடித்து, பிடியில்லாத சின்னக் கோப்பையை வலக்கையால் நீட்டுவார்கள். அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். விளிம்பு வரை ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருளாம். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். என்னோடு வந்த மதுரைக்காரருக்கு இது தெரியாது. மிச்சம் வைப்பது மரியாதையில்லை என்று அவர் குடித்துக்கொண்டே இருந்தார். கோப்பை காலியாக இருப்பது மரியாதையில்லை என்று ஊற்றுகிறவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். இரண்டு பேருமே நன்றாக வளர்க்கப்பட்டவர்கள்.

சாமி விஷயம்தான் கொஞ்சம் சங்கடம். 1859இலேயே சிங்கப்பூரில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பிய கூட்டம் நாங்கள். தேரா அறையில் முருகன் என் பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டப்பட்டிருந்தார். பர் துபாயில் 1958 முதல் ஒரு கோயில் இருந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறையில் அப்ராப் படகேறிப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவோம். சவூதியில் இருந்த நண்பர்களுக்கு அதுவும் இல்லை.

இப்போது போய்ப் பார்த்தால் அந்த ஊர்தான் எனக்குப் புதிது. 2022 முதல் அமீரகத்தில் வார விடுமுறை சனி, ஞாயிறு. வெள்ளி அரை நாள் வேலை. நோன்புக் காலத்தில் ஓட்டல்களுக்குத் திரை போட்டே ஆகவேண்டும் என்ற விதியைத் துபாய் 2021இல் தளர்த்திவிட்டது. சவூதி 2018இல் சினிமாக் கொட்டகையைத் திறந்து, 2019இல் சுற்றுலா விசாவும் கொடுக்கத் தொடங்கியது. 2022இல் ஜெபல் அலியில் ஒரு புதுக் கோயில். 2024 பிப்ரவரியில் அபுதாபிக்கு அருகே, அரசு தந்த 27 ஏக்கரில் இன்னொன்று. முருகனைப் பீரோவுக்குள் வைக்கவேண்டிய அவசியம் தீர்ந்தது.

அல் ஃபாஹிதியில், காற்றுக் கோபுரமும் நடு முற்றமும் கொண்ட பழைய வீடு ஒன்றில், 1998இல் தொடங்கிய ஷேக் முகமது பண்பாட்டு மையம் இருக்கிறது. பணம் கட்டினால் தரையில் உட்காரவைத்து அமீரகச் சாப்பாடு போட்டு, எங்கள் மதத்தையும் பழக்கத்தையும் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்கிறார்கள். நல்ல ஏற்பாடு, அப்பத்தாவிடம் யாரும் கேள்வி கேட்டுவிட முடியாது. மகன் எங்களை அங்கே அழைத்துப் போனான். ஆத்தா சம்மணம் போட்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள். பட்டியல் போட்டவனுக்குத்தான் காலை மடக்க வரவில்லை.

அவனே விடுமுறைக்குக் காரைக்குடி வந்தால் ஷூ காலோடு வளவுக்குள் நடக்கிறான், என் எதிரில் டீப்பாய்மேல் காலைத் தூக்கிப் போடுகிறான். கேட்டால், "நம்ம வீடுதானே அப்பச்சி!" அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பிடித்ததிலிருந்து எங்கள் தெருக்களில் காமிராக்கள் அதிகம். கட்டணம் கொடுத்து ஒரு வீட்டைப் பார்த்தவர்கள், திறந்திருக்கும் அடுத்த வீட்டு இரண்டாங்கட்டில் ஆச்சி ஒருத்தி முறத்தோடு உட்கார்ந்திருப்பதையும் அதே கட்டணத்தில் படம்பிடித்துக்கொள்கிறார்கள். அமீரகத்தில் அப்படி எடுத்தால் வழக்கு. இங்கே அந்த ஆச்சி எழுந்து உள்ளே போய்விடுகிறாள், அவ்வளவுதான்.

நியாயமாகச் சொன்னால், மகனின் பட்டியலிலும் அப்பத்தாவின் சட்டத்திலும் இல்லாத ஒன்று உண்டு. திருச்சியில் துபாய் விமானம் ஏறும் ஆச்சிமார்களுக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு ஆசையாகக் குருமாப் பொடி இடித்துக்கொண்டு போகிறீர்கள், சரி. அதில் கசகசா வேண்டாம், பெட்டியின் மூலையில் பொட்டலமாகவும் வேண்டாம். அமீரகத்திலும் சவூதியிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். அபினிச் செடியின் விதை. "குருமாவுக்குத்தான் தம்பி" என்று சுங்கத்தில் சொன்னால் எடுபடாது, ஜெயில் வரை போகும். முந்திரியும் தேங்காயும் அரைத்து ஊற்றினாலே குருமா கெட்டியாக வரும்.