மூன்று திரைக்கு எந்தக் கணினி?

கேள்வி: காரைக்குடியில் மூன்று திரைகளை வரிசையாக வைத்துக் கார்ப்பந்தயம் விளையாட விரும்புவோர் முதலில் எதற்குச் செலவிட வேண்டும்?

பதில்: ஆயிரம் ஜன்னல் வீடு கட்டிய ஊருக்கு மூன்று ஜன்னல் பெரிதல்ல, ஆனால் வீட்டு ஜன்னலுக்கு அப்பாலுள்ள காட்சியை இயற்கை இலவசமாகத் தந்துவிட, கணினியிலோ அதை நொடிக்கு 60 முறை வரைந்து தள்ளும் பொறுப்பு, படங்களைக் கணக்கிடுவதற்கென்றே அமைந்த கிராஃபிக்ஸ் கார்டின் தலையில் விழுகிறது. 1920×1080 புள்ளிகள் கொண்ட மூன்று திரைகள் சேர்ந்தால் ஏறத்தாழ 62 லட்சம் புள்ளிகள் ஆகின்றன. ஆகையால் பணத்தின் பெரும்பகுதி அந்தக் கார்டுக்கும், காட்சிக்கு வேண்டிய தரவுகளைத் தேக்கிவைக்கும் அதன் நினைவகத்துக்கும் போவதே முறை. வண்ண விளக்கு எரியும் பெட்டிக்கு அன்று. மூன்றையும் ஒரே திரையாக இணைக்கும் வசதியை கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான ஏஎம்டி 2009இல் ஐஃபினிட்டி என்ற பெயரில் கொண்டுவந்தது. போட்டி நிறுவனமான என்விடியா தன்னுடைய அதே வசதிக்குச் சரவுண்ட் என்று பெயரிட்டது. திரைகள் ஒரே அளவிலும், நொடிக்கு எத்தனை முறை படம் மாறுகிறது என்பதைக் குறிக்கும் புதுப்பிப்பு வேகத்தில் ஒன்றுபோலவும் இருந்தால் சாலை நடுவில் ஒடியாது. கேபிளைக் கார்டில் செருகாமல் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டில் செருகிவிட்டு, விலை கொடுத்த கார்டு வேலை செய்யவில்லையெனக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது மட்டும் தவிர்க்கத்தக்கது.