மூன்றாவது கேசட்

பேனாவைச் செருகிய கேசட் படம் இந்த வாரமும் வாட்ஸாப்பில் வந்து சேர்ந்துவிட்டது. கீழே, "வீடியோ கேசட் காலத்துப் பேய்ப்படம் மாதிரி இனிமே வருமா?" என்று ஒரு பெருமூச்சு. பேனாவால் சுற்றியது பாட்டுக் கேசட்டை, ஐயா. வீடியோ கேசட்டின் சக்கரத்தில் பேனாவை விட்டால் அசையவே அசையாது. அடியில் நடுவே இருக்கும் ஓட்டைக்குள் எதையாவது விட்டு பிரேக்கைத் தள்ளினால்தான் சுற்றும். எதற்காக ஏங்குகிறோம் என்பதே தெரியாமல் ஏங்குகிற கூட்டத்திடம் வாதம் பண்ணி என்ன ஆகப்போகிறது? ஆனாலும் பண்ணித்தான் ஆகவேண்டியிருக்கிறது. அந்தப் படங்கள் பயமுறுத்தின என்பதை நான் மறுக்கவில்லை. பயமுறுத்தியவர் யார் என்பதில்தான் தகராறு. பாதி வேலையைச் செய்தது காப்பி எடுத்த டெக், மீதியைச் செய்தது நம் தூக்கம். 

முதலில் காப்பி. வி.எச்.எஸ். என்பது நல்ல நிலையில் இருந்தாலே குறுக்குவாட்டில் சுமார் 240 கோட்டுத் தெளிவுதான் தரும். அதிலிருந்து ஒரு காப்பி, அந்தக் காப்பியிலிருந்து இன்னொன்று என்று போகப்போக நிறம் வழியும், முகம் கரையும். தாமல், காஞ்சிபுரம் பக்கம் இதை எளிதாக விளக்கிவிடலாம்: ஜக்கார்டு அட்டையைப் போட்டு நெய்தால் நூறாவது சேலையிலும் மயில் மயிலாகவே இருக்கும், கேசட்டில் ஐந்தாவது காப்பியிலேயே மயில் கோழியாகிவிடும். படம் எடுத்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். வௌவாலைக் கட்டிய நரம்பு தெரியாது. கல்லறை தெர்மாகோல் என்பது தெரியாது. சவுரிமுடி நெற்றியில் எங்கே தொடங்குகிறது என்பது தெரியாது. மண்டையோட்டுக்குள் எரியும் பல்பின் ஒயர் தெரியாது. ரத்தத்தில் குங்குமம் கரையாமல் மிதப்பது தெரியாது. பட்டப்பகலில் எடுத்து, நீலக் கண்ணாடி போட்டு ராத்திரி என்று ஒப்பேற்றிய காட்சி நாலாவது காப்பியில் நிஜமாகவே ராத்திரியாகிவிடும். பேயின் பின்னால் நடந்துபோகிற லைட்பாய்கூட இன்னொரு பேயாகிவிடுவார், சம்பளம் இல்லாமல். அதைவிட விசேஷம் அந்தக் கோடு. எந்த இடத்தை ஊரே நிறுத்தி நிறுத்திப் பார்த்ததோ அங்கேதான் டேப் தேயும். அதனால் பேய் வரப்போகிறது என்பதைப் பின்னணி இசைக்கு முன்பே திரையில் ஓடும் கோடு சொல்லிவிடும். ஒருவர் டிராக்கிங்கைத் திருக, இன்னொருவர் ஹெட்டில் வெள்ளைத்தாளைத் தேய்க்க, கோடு விலகும் கணத்தில் பேயின் மூஞ்சி பாதி தெரியும். இந்தப் பாதி மூஞ்சிக்கு நிகராக எந்த இயக்குநர் காட்சி அமைத்தார்?

அடுத்தது வாடகை. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு கலர் டி.வி. நாட்டுக்குள் வந்தது. ஆனால் அதைச் சொந்தமாக வாங்க முடிந்தவர்கள் சிலரே. டி.வி., டெக், கேசட் எல்லாம் சேர்த்து ஒரு ராத்திரிக்கு வாடகை, விடிந்தால் திருப்பித் தரவேண்டும். கொடுத்த காசை வசூலிக்க ஒரே வழி, விடியும்வரை ஓட்டுவது. முதல் கேசட் ரஜினி அல்லது எம்.ஜி.ஆர்., இரண்டாவது அம்மன், மூன்றாவதுதான் பேய். அது தொடங்கும்போது மணி இரண்டு. காலையிலிருந்து குழித்தறியில் உட்கார்ந்து பட்டிழையை உற்றுப் பார்த்த கண்கள் அந்நேரத்தில் எவ்வளவு பார்த்திருக்கும்? கண்ணயர்ந்த இடத்தை அவரவர் கனவு நிரப்பியது. இதற்குச் சாட்சி வேண்டுமானால், "13-ம் நம்பர் வீடு" (1990) கதையை இரண்டு பேரிடம் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். இரண்டு வீடு கிடைக்கும். அஜய் ரத்னம் பிணமாயிருந்து எழுந்து வந்த "நாளைய மனிதன்" (1989) படத்துக்கோ, சொல்பவர் எப்போது விழித்தாரோ அங்கிருந்துதான் கதையே.

"கையால் செய்த வேலைய்யா அது, இன்றைக்கு எல்லாம் கிராபிக்ஸ்" என்பார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். விட்டலாச்சார்யாவின் "ஜகன்மோகினி"யில் (1978) விறகு இல்லாமல் பேய் தன் காலையே அடுப்பில் வைத்து எரிக்குமே, அது எந்தப் பிரிண்டிலும் நிற்கும். "ஈவில் டெட்" (1981) 16 எம்.எம்.மில் எடுத்தது, ரத்தமெல்லாம் சோளப் பாகும் சாயமும், அதுவும் நிற்கிறது. இரண்டு வீடு இடியாமல் நிற்பதால் தெருவே உறுதி என்று சொல்ல முடியுமா? அதே "ஜகன்மோகினி"யை 2009-இல் நமீதாவை வைத்து, கிராபிக்ஸோடு மறுபடி எடுத்தார்கள். "பார்த்தாயா, பழசு மாதிரி இல்லை" என்று அதையே எனக்கு எதிராக நீட்டுவார்கள். எப்படி இருக்கும்? படம் பளிச்சென்று தெரிந்தது, பார்த்தவர்கள் விழித்திருந்தார்கள்.

"சட்டமே பயந்ததே?" என்றும் கேட்கலாம். 1984-இல் பிரிட்டன் வீடியோ கேசட்டுகளுக்குச் சான்றிதழைக் கட்டாயமாக்கிச் சட்டம் போட்டது; "ஈவில் டெட்" போன்ற படங்கள்மேல் எழுந்த கூச்சல் அதன் பின்னணி. அதே ஆண்டு தமிழ்நாடும் வீடியோ மூலம் டி.வி. திரையில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் போட்டது. நம் சட்டத்தின் கவலை லைசென்ஸ். பேய் அதில் ஒரு கட்சிக்காரரே இல்லை.

இப்போது அந்தப் படங்களைத் துடைத்து, எச்.டி. என்று பெயர் சூட்டி யூடியூபில் ஏற்றுகிறார்கள். நரம்பு, ஒயர், சவுரி எல்லாம் பளபளக்கிறது. ஏங்கியவர்களே போய்ப் பார்த்துவிட்டு, "இப்போ சிரிப்புதான் வருது" என்று கீழே எழுதிவைக்கிறார்கள். சிரிப்பு வராமல் வேறென்ன வரும், பகல் பதினோரு மணிக்கு, பல் தேய்த்துவிட்டு, செல்போனில் பார்த்தால்? பரணில் கிடக்கும் பழைய கேசட்டை எடுத்துப் போடுங்களேன் என்றால் அதுவும் மாட்டார்கள். ரீல் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும், போட்டால் ஹெட்டும் போய்விடும். போட டெக்தான் எங்கே இருக்கிறது? கடைசிவரை டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் கையை விரித்துவிட்டது. அன்றைக்கு இந்தக் கூட்டத்தில் ஒருவரும் பெருமூச்சு விடவில்லை. நம் பக்கத்து டெக்குகள் அதற்கு வெகுகாலம் முன்பே பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போய்விட்டன.