படப்பெட்டி அதிகாரம்: கொங்கு உரையுடன்

கோவையில் கேமரா வைத்திருப்போர், படம் எடுப்பதைவிடக் கேமராவைப் பற்றிப் பேசுவது ஏன் மிகுதி என ஆராய்வதே இந்நூலின் நோக்கம். ஆய்வுக்களம், விடியற்காலை உக்கடம் பெரியகுளக் கரை. சான்றோர், முக்காலியும் தோள்பையுமாக அங்கே கூடும் அண்ணன்மார்.

1. கருவியியல்

“கருவி இரண்டே, கையில் உள்ளதும்
கைக்கு வாராததும், பின்னது சிறக்கும்.”

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், புதுக் கேமராவின் மேன்மை உணர்த்துதல் நுதலிற்று. கையிலிருப்பது பழசு, அடுத்து வரப்போவதே நல்லது என்றவாறு. கரையில் வணக்கத்துக்கு முன்னால் வருவது, “ஏனுங்ணா, ஃபுல் ஃபிரேமுங்களா?” என்ற கேள்வி. “இல்லீங் தம்பி, கிராப் சென்சாருங்க” என்பவர் குரல் சற்றே இறங்கும். முன்னதன் சென்சார் அகலம் 36 மில்லிமீட்டர், பின்னதன் அகலம் சுமார் 24. இந்த ஒரு சென்டிமீட்டர் சொச்சத்தை அலசி முடிப்பதற்குள் கூழைக்கடா இறங்கி, மீனைக் கவ்வி, பறந்தும் போய்விடும். விலையும் கடை விலை, வீட்டு விலை என இருவகைப்படும். பின்னது முன்னதில் பாதியைத் தாண்டாது என்பது மரபு.

முன்னோரும் இப்படித்தானோ எனின், அற்றன்று. நம்மூர் ஜி.டி. நாயுடு, 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கேமராவில் பிடித்தவர். ஃபிலிம் கேமராவில் தூரத்தைச் சரிசெய்யும் கருவி ஒன்றையும் உருவாக்கினார். கருவியின் குறையை அவர் பேசித் தீர்க்கவில்லை.

2. பயணவியல்

“தூரத்துப் பொருளுக்குத் தூக்கிய கண்ணாடி
பக்கத்து வந்தால் பயனில் என்ப.”

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுப் பக்கம் வரையாடுகள் கூச்சமின்றிச் சாலையோரத்துக்கே வரும். அங்கே 600 மில்லிமீட்டர் லென்சோடு போய் இறங்குவோர் உண்டு. இவ்வகை லென்ஸ்கள் பலவற்றில், பொருள் இரண்டு மூன்று மீட்டருக்குள் வந்துவிட்டால் ஃபோகஸ் ஆகாது. ஆகும் தூரத்திலும் சட்டத்துக்குள் கொம்பும் ஒரு காதுமே அடங்கும். அண்ணன் பின்னாலேயே நடந்து தடுப்புச்சுவரில் முட்டி நிற்கையில், பஸ் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் அம்மிணி செல்போனை நீட்டி முழு ஆட்டையும் எடுத்துவிடுவார்.

3. கோப்பியல்

“அழியாமை ராவிற்கு அழகே, ஆயினும்
வெளிவா ராமையும் உடன்பிறந் தன்றே.”

கேமரா தரும் கோப்புகளில் ரா என்பது சாயம் ஏறாத கோராத் துணி. ஜேபெக், திருப்பூரில் தைத்துத் தேய்த்துப் பெட்டி கட்டிய பனியன். 1992இல் தரமாக ஏற்கப்பட்ட ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகளாகக் கட்டம் பிரித்து, கண்ணுக்கு எளிதில் படாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். அதில் ஒரு வண்ணத்துக்கு 256 படிநிலைகளே. 14 பிட் ராவில் 16,384. ஆகவே ராவே உயர்ந்தது என்பார் கூற்று மெய்யே.

அந்த உயர்ந்த கோப்பு எங்கே எனின், ஹார்ட் டிஸ்கில். சுருக்காத 24 மெகாபிக்சல் ரா ஒன்றே 40 எம்பியைத் தாண்டும். “நேரங் கெடைக்கறப்ப எடிட் பண்ணிப் போடோணுங்க” என்ற உறுதிமொழியோடு அவை உறங்குகின்றன. அம்மிணியின் ஜேபெக்கோ, சிக்னல் கிடைத்த வளைவிலேயே குடும்ப வாட்ஸாப்பில் ஏறிவிட்டது. ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ஃபிலிம் கடையில் கிடைத்த காலத்தில் இப்படி உறங்கவிடும் வழக்கே இல்லை. ஒரு சுருளுக்கு 36 படம். சுருள் தீர்ந்ததும் கழுவி, பிரிண்ட் போட்டாக வேண்டும்.

4. துணிபு

மேற்கூறியவற்றால் பெறப்படுவது: நல்ல கேமரா, வெளியே எடுத்துப்போன கேமரா. நல்ல கோப்பு, யாராவது பார்த்த கோப்பு. இதை மறுப்போர் அடுத்த ஞாயிறே களத்தில் சோதிக்கலாம். மேட்டுப்பாளையத்தில் ஊட்டி மலை ரயில் காலை 7.10க்குப் புறப்படுகிறது; எந்தக் கேமராவோடு வந்தாலும் ஏற்றிக்கொள்ளும், புது லென்ஸ் வரட்டும் என்று காத்திருக்காது.