69 வருஷ டிமிக்கி

மூன்று புரோட்டான், இரண்டு எலக்ட்ரான். மொத்தச் சரக்கே அவ்வளவுதான். ஹெச்-த்ரீ-ப்ளஸ் என்கிற இந்த ஹைட்ரஜன் அயனிப் பொடியன், நோபல் வாங்கிய பெரியவர்களுக்கே 69 வருஷம் டிமிக்கி கொடுத்தான் என்றால் நம்புவீர்களா?

1911. கேம்பிரிட்ஜில் ஜே.ஜே.தாம்சன். எலக்ட்ரானையே கண்டுபிடித்த மகான். கை மட்டும் கொஞ்சம் ஆகாது. கண்ணாடிக் கருவிகள் பக்கம் அவர் நடந்து வந்தாலே உதவியாளர் எவரெட்டுக்கு வயிற்றில் புளி கரைக்கும். தாம்சனுடைய போட்டோத் தட்டில் நிறை 3 என்று ஒரு கோடு விழுந்தது. ஹைட்ரஜன் ஜோடியாகத்தானே சுற்றும், மூன்றாவது ஆள் யார்? எதற்கு வம்பென்று 'எக்ஸ்-3' என எழுதிவைத்தார். அணுவுக்குள்ளேயே புகுந்தவருக்கு இதற்குத் தைரியம் வரவில்லை, பாருங்கள்!

தைரியசாலிகள் பின்னால் வந்தார்கள். 1920-ல் அமெரிக்க வேதியியலாளர் இருவர், ஓசோனுக்குத் தம்பி பிறந்துவிட்டான் என்று மூன்றணு ஹைட்ரஜன் வாயுவை அறிவித்தார்கள். 'ஹைசோன்' என்று பெயரும் வைத்தாயிற்று. குழந்தைதான் இல்லை.

கனடாவின் ஒட்டாவாவில் ஹெர்ஸ்பெர்க். 1971-ல் நோபல். நிறமாலை விஷயத்தில் அவர் சொன்னால் அப்பீலே கிடையாது. அவரும் நம் அயனியைத் தேடினார். 1979-ல் அகப்பட்டது நடுநிலை ஹெச்-த்ரீ. அதாவது அதே ஆசாமிதான், எங்கோ தள்ளி ஒரு எலக்ட்ரானைச் சுற்றவிட்டு மாறுவேஷத்தில்!

ஏன் இவ்வளவு பாடு? அது கச்சிதமான சமபக்க முக்கோணம். மின்முனைவு இல்லாததால் சுழன்றாலும் ரேடியோவில் சத்தமே வராது. எலக்ட்ரானை உசுப்பிப் பார்க்கலாமென்றால் ஆளே உடைந்துவிடும். அதிரும்போது அகச்சிவப்பில் கொஞ்சம் ஒளியை விழுங்கும். மாட்டினால் அங்கேதான்.

ஹெர்ஸ்பெர்க்கின் அதே நிறுவனத்தில் இருந்த தகேஷி ஓகா 1975-ல் இறங்கினார். அவருக்கு வேண்டிய லேசர் கடையில் கிடைக்கிற சமாசாரமில்லை. ஆர்கான் லேசர் ஒன்று, டை லேசர் ஒன்று, இரண்டையும் லித்தியம் நயோபேட் படிகத்துக்குள் விட்டால் அதிர்வெண்கள் கழிந்து மிச்சம் வருவது அகச்சிவப்பு. எவ்வளவு? மைக்ரோவாட் கணக்கில். உங்கள் வீட்டு டிவி ரிமோட் இதைப் பார்த்துச் சிரிக்கும்.

திரவ நைட்ரஜனில் குளிரும் குழாய், உள்ளே மின்சாரம் பாயும் ஹைட்ரஜன். லட்சம் மூலக்கூறில் நம்மாள் ஒருவன் தேறினால் அதிகம். அலைநீளத்தை இம்மி இம்மியாக நகர்த்திக்கொண்டே வருஷங்கள் போயின. 1980 ஏப்ரல் 25: முதல் கோடு! மொத்தம் 15 சேர்ந்தன. எந்தக் கோடு எதனுடையது என்று ஜாதகம் கணித்துக் கொடுத்தவர் சகா ஜேம்ஸ் வாட்சன்.

ஓகா அதோடு விட்டாரா? 1981 முதல் நட்சத்திரங்களுக்கு இடையிலுள்ள மேகங்களில் தேடினார். கிடைத்தது 1996-ல். நடுவே, வியாழனில் சாதாரண ஹைட்ரஜனைப் பார்க்கப் போன வானியலாளர்கள் யாருடையதென்றே தெரியாத பளிச்சென்ற கோடுகளோடு திரும்பினார்கள். 1989-ல் ஆள் யாரென்று தெரிந்தது: சாட்சாத் ஹெச்-த்ரீ-ப்ளஸ். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர், அதே வாட்சன்.