பதினான்கு பஸ் கொண்டார் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்தி ஸ்ரீ! மின்திறன் பொறியியலில் முனைவர் பட்டம் நோற்கும் நம் நாட்டு ஆராய்ச்சிச் செம்மல்களின் புகழை முழுதும் உரைக்க ஆயிரம் நா வேண்டும்.

ஆய்வுக்கு நாட்டின் மின்கட்டமைப்பைத் தேடி வெயிலில் அலையும் இழிநிலை இவர்களுக்கு இல்லை. 1962 பிப்ரவரியில் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் இயங்கிய கட்டமைப்பின் ஒரு துண்டு, ஐ.இ.இ.இ. 14 பஸ் (மின்கணு) மாதிரி என்ற திருநாமத்தோடு கணினியில் எழுந்தருளியிருக்கிறது. அதுவே குலதெய்வம். அதில் முப்பந்தல் காற்று திடீரென ஓயாது. கமுதியின் சூரியத் தகடுகள் மேல் மேகம் கவியாது. மாலையில் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் விளக்கேற்றித் தொல்லை தராது. மெய்யுலகின் மாசு படியாத இத்தகைய தூய ஞானம் வேறெந்தத் துறைக்கு வாய்க்கும்!

ஜீவகாருண்யத்திலும் இவர்களுக்கு நிகரில்லை. எந்த மின்நிலையம் எத்தனை மெகாவாட் தந்தால் எரிபொருள் செலவு குறையும் என்னும் ஒரே கணக்குக்கு எல்லா உயிர்களையும் அழைத்துப் பெருமைப்படுத்தினார்கள். உயிரினங்களின் நடத்தையைப் பின்பற்றும் கணக்கீட்டு வழிமுறைகளில் 2009இல் குயில் வழிமுறை பிறந்தது, 2010இல் வௌவால், 2014இல் சாம்பல் ஓநாய், 2016இல் திமிங்கிலம். பிறந்த ஈரம் உலருமுன் ஒவ்வொன்றையும் அக்கணக்கின் மேல் ஏவினார்கள். ஒவ்வொரு முறையும் தசமப் புள்ளிக்கு அப்பால் எங்கோ செலவு இளைத்தது. கட்டுரையாளர் கையிலெடுத்த புதுப்பிராணி பழையதிடம் தோற்றதாக ஒரு வரைபடமும் நான் கண்டதில்லை. தோல்வியே அறியாத அறிவியல்! நியூட்டனுக்கும் கிட்டாத பேறு.

இவர்களின் மனத்திண்மைக்கு 2012 ஜூலையே சாட்சி. 30, 31 தேதிகளில் நம் நாட்டு மின்கட்டமைப்பு அடுத்தடுத்துச் சரிந்தது. இரண்டாம் நாளில் சுமார் 60 கோடி மக்கள் வாழும் பரப்பில் மின்சாரம் இல்லை. பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதையில் உண்மையில் பழுதே இல்லை. மிகுந்துவிட்ட சுமையைப் பழுதென்று கருதிய ரிலே, பாதையைத் துண்டித்தது. மண்டல மையங்கள் சொன்னதைக் கேட்டு மாநிலச் சுமைக் கட்டுப்பாட்டு மையங்கள் மின் இழுப்பைக் குறைக்கவும் இல்லை. சபலபுத்திக்காரர் சிலர் உடனே ரிலேக்களையும் பதிவேடுகளையும் ஆராயப் போய்ச் சீரழிந்தார்கள். நம் செம்மல்களோ இமை கொட்டாமல் 14ஆம் பஸ்ஸின் வோல்டேஜை மூன்றாம் தசமத்துக்குத் திருத்திக்கொண்டிருந்தார்கள். வாழ்க அந்த யோகநிலை!

அவர்தம் ஆய்வக மின்மாற்றியின் மேல் படிந்த தூசியும் போற்றத்தக்கதே. சிமுலேஷனில் ஷாக் அடிக்காது. அகிம்சைக்கு இதனினும் உயர்ந்த வழி ஏது?

இனி வைவா என்னும் மங்கல வைபவம். சப்ஸ்டேஷன் வாசலையாவது மிதித்ததுண்டா என்று கேட்டு அவையின் மாண்பைக் குலைக்கும் தேர்வாளர் எவரும் அங்கு அமர்வதில்லை. எழுத்துருவின் அளவு பற்றிய நுண்ணிய ஐயம் ஒன்று எழும், அதுவும் தீர்க்கப்படும். சால்வையும் முந்திரி பக்கோடாவும் வழங்கப்படும். அன்றே முனைவரானவர் மறு ஆண்டில் கைடாகிறார். தம் சீடருக்கு அதே 14 பஸ் ஃபைலைத் தாயுள்ளத்தோடு அனுப்பி, இன்னும் யாரும் தொடாத பிராணி ஒன்றைத் தேடிப் பிடித்து வருமாறு ஆசி கூறுகிறார்.