நூல் பழகும் படலம்

(இடம்: திருச்சுழி பக்கம் ஒரு கரிசல் கிராமம், ஊரணிக்கரை வேப்பமரத்தடி. கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம். வெளிமாவட்ட நூற்பாலை ஒன்றுக்கு ஆள் சேர்க்க, வேனோடு வந்திருக்கிறார் மில் மேலாளர். எதிரே கொத்தனார், அவர் மகள் இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தவள்.)

மேலாளர்: பாப்பாவுக்கு 17 வயசுதான். அதனால ஒப்பந்தத்துல நீங்க கையெழுத்துப் போடணும் அண்ணாச்சி. இது வேலை இல்ல, பயிற்சி. தொழிற்பழகுநர் சட்டம், 1961. நேரு காலத்துச் சட்டம்!

கொத்தனார்: அவரே போயிட்டாரு, சட்டம் இன்னும் இருக்கா?

மேலாளர்: இருக்காவா? 30 பேருக்குக் குறையாம வேலை பாக்குற ஆலை, ரெண்டரை சதவீதத்துல இருந்து 15 சதவீதம் வரைக்கும் அப்ரண்டிஸ் எடுத்தே ஆகணும். நாங்க ஆசைப்பட்டா வந்தோம்? சட்டம் பிடிச்சுத் தள்ளுது.

கொத்தனார்: பாவம். சரி, புள்ள அங்க என்ன செய்யும்?

மேலாளர்: ரிங் பிரேம்ல சைடு பாக்கும். இழை அறுந்தா ஒட்டும்.

கொத்தனார்: அந்த நூலை? பழகுன நூலுன்னு தனியா எடுத்து வச்சிருவீங்களோ?

மேலாளர்: விப்போம்ல.

கொத்தனார்: விலையைக் குறைச்சா?

மேலாளர்: நூலு நூலுதான அண்ணாச்சி!

கொத்தனார்: அதான பாத்தேன். நூலுக்கு முழு விலை, நூத்தவளுக்குத்தான் பாதி விலை.

மேலாளர்: 18-வது பிரிவு என்ன சொல்லுது? பழகுநர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல. தொழிலாளர் சட்டம் அவருக்குப் பொருந்தாது.

கொத்தனார்: மெஷினுக்கு இது தெரியுமா? கையி மாட்டிக்கிட்டா?

மேலாளர்: அதுக்கு நஷ்டஈடு உண்டு, 16-வது பிரிவு.

கொத்தனார்: அப்ப கை இருக்குற மட்டும் மாணவி, கை போயிட்டா தொழிலாளி.

மேலாளர்: குதர்க்கம் பேசாதீங்க. மாசாமாசம் உதவித்தொகை உண்டு. 2019 விதிப்படி படிப்புக்குத் தக்கன 5000-ல இருந்து 9000 வரைக்கும். பிளஸ் டூவுக்கு 7000. 2016-ல வந்த திட்டத்துல கால்வாசியை அரசாங்கமே ஏத்துக்குது, 1500 ரூபா வரைக்கும்.

கொத்தனார்: எங்கிட்ட வர்ற கையாளுக்குக் கலவை போடத் தெரியாது. ஆனாலும் முத நாள் பொழுது சாய கூலி குடுத்துருவேன். கரணை பிடிக்கப் பழகிட்டா கூலி கூடும். கால்வாசியை எந்தக் கவர்மெண்டுகிட்டப் போயி நான் கேக்க? அது கெடக்கட்டும், எத்தனை நாளுப் பயிற்சி?

மேலாளர்: மூணு வருஷம்.

கொத்தனார்: சைடு பாக்கப் பழக?

மேலாளர்: சூட்டிகையான புள்ளைக்கு மூணு மாசம் போதும்.

கொத்தனார்: மிச்சம் ரெண்டே முக்கால் வருஷம்?

மேலாளர்: அனுபவம் முதிர வேண்டாமா?

கொத்தனார்: ரெண்டு வருஷத்துக்குள்ள 480 நாள் வேலை பாத்தா நிரந்தரம்னு 1981-ல தமிழ்நாட்டுலயே ஒரு சட்டம் போட்டாங்களே?

மேலாளர்: அது தொழிலாளிக்கு.

கொத்தனார்: வெளங்கிருச்சு. முன்னால இதே வேன்லதான் சுமங்கலித் திட்டம்னு வந்தாங்க. மூணு வருஷம் முடிச்சா கல்யாணத்துக்கு மொத்தமாப் பணம்னாங்க. இப்பத் தாலியை எடுத்துட்டுச் சட்டத்தைக் கட்டுறீங்க.

மேலாளர்: உங்களுக்கு யார் அண்ணாச்சி இதெல்லாம் சொன்னது?

கொத்தனார்: மூத்தவன் ஐ.டி.ஐ. படிச்சிட்டுப் பொன்மலை ரயில்வே பட்டறையில அப்ரண்டிஸா இருந்தான். ஒப்பந்தம் பதிவாச்சு, பரீட்சை வச்சாங்க, சான்றிதழ் குடுத்தாங்க. உங்க ஒப்பந்தம் எங்க பதிவாகுது?

மேலாளர்: ஆன்லைன்ல. இப்ப சர்வர் படுத்துருக்கு.

கொத்தனார்: எந்திரிச்சதும் சொல்லியனுப்புங்க. ராத்திரி ஷிப்ட் உண்டா?

மேலாளர்: அரைநைட்டு மட்டுந்தான். முழுநைட்டுக்கு ஆள் வரலைன்னா அதையும் சேத்துப் பாக்கும்.

கொத்தனார்: அப்ரண்டிஸை ஓவர்டைம் பாக்க விடக்கூடாதாமே? பயிற்சிக்கு நல்லது, இல்லைன்னா பொதுநலம்னு பழகுநர் ஆலோசகர் அனுமதிச்சாத்தானாம்?

மேலாளர்: பொதுநலந்தான். ஏற்றுமதி லாரி வாசல்ல நிக்கும்ல?

கொத்தனார்: மீறினா ஜெயிலுன்னானே மூத்தவன்?

மேலாளர்: (மலர்ந்து) அதை 2014-லயே எடுத்துட்டாங்க! இப்ப தடவைக்கு 1000 ரூபா அபராதம், அவ்வளவுதான்.

கொத்தனார்: லாரி வாடகைக்குக் கூடக் காணாது. சரி, மூணு வருஷம் முடிஞ்சா வேலை?

மேலாளர்: குடுத்தே ஆகணும்னு 22-வது பிரிவுல இல்ல. யாரை வேலைக்கு எடுக்குறதுன்னு ஆலையே ஒரு கொள்கை வகுக்கணும், அவ்வளவுதான். நாங்க வகுத்துட்டோம்.

கொத்தனார்: என்ன கொள்கை?

மேலாளர்: புது அப்ரண்டிஸ் எடுக்குறது.

கொத்தனார்: ஒரே ஒரு கணக்கு தம்பி. மில்லுல மொத்தம் எத்தனை பேரு?

மேலாளர்: 400. அதுல 350 பேரு அப்ரண்டிஸ். (பெருமையாக) இந்த அளவுக்கு யாரு கத்துக் குடுக்குறா?

கொத்தனார்: 15 சதவீதம் வரைக்குந்தான் எடுக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க? அப்ரண்டிஸ் தொழிலாளி இல்லைன்னும் நீங்கதான சொன்னீங்க? அப்படிப் பாத்தா உங்க மில்லுல தொழிலாளி 50 பேருதான். அம்பதுல 15 சதவீதம் எம்புட்டு?

மேலாளர்: (விரல் விட்டு எண்ணி) ஏழரை.

கொத்தனார்: அதேதான். அந்த ஏழரையை எம் மக தலையில ஏத்தாம வண்டியை எடுங்க தம்பி.